லோபு துவா: கற்பூரக் கரையில் ஒரு தமிழ்ச் சாசனம்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கோயிலுக்குச் சென்று தீர்த்தம் பெறும் அடியவரின் உள்ளங்கையிற் பச்சைக் கற்பூரத்தின் மணம் சிறிது நேரம் தங்கி நிற்கும். அம்மணம் எவ்வூருக்கு உரியது என்று இந்நாளில் வினவுவார் அரியர். முன்னோர் அதனை அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், கற்பூர வகைகளை அடுக்கிச் செல்லுமிடத்து ‘வாறோசு’ என்றொரு வகையைக் கூறுகின்றார். அஃது ஓர் ஊரின் பெயரால் அமைந்தது என்பர் அறிஞர். சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையிலே, சிபோல்காத் துறைமுகத்துக்கு வடமேற்கே உள்ள பாருசு என்பதே அவ்வூர்.

அப்பாருசு நகருக்குச் சில மைல் தொலைவில் லோபு துவா என்னும் சிற்றூர் இருக்கின்றது. பத்தாக்கு மக்களின் மொழியிலே ‘லோபு’ என்பது குடிகள் விட்டு நீங்கிய இருப்பிடத்தைக் குறிக்கும். ‘துவா’ என்பது பழைமை. ஆகவே, ‘கைவிடப்பட்ட பழைய ஊர்’ என்பதே அதன் பெயர்ப்பொருள். முன்னே இந்துமாக்கடல், பின்னே மலைத்தொடர், இடையே சிறு நிலப்பரப்பு. தேசப்படத்தில் தேடினாலும் எளிதிற் புலப்படாத இக்கிராமத்தில், 1873ஆம் ஆண்டிலே ஒரு கற்றூண் காணப்பட்டது. ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது. ஆறு பட்டையாகச் செதுக்கப்பட்ட அத்தூணின் மூன்று பக்கங்களில் எழுத்துகள் இருந்தன. அவை தமிழ் எழுத்துகள்.

1891இல் ஹுல்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதன் கருத்தை ஒருவாறு உணர்ந்து கூறினார். 1932இல் நீலகண்ட சாத்திரியார் அதனை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். சிதைந்த பகுதிகளையும் கூர்ந்து நோக்கி, அதனை மேலும் தெளிவாகப் படித்து 1998இல் வெளியிட்டவர் எ. சுப்பராயலு ஆவார்.

சாசனத்தின் காலம் சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அஃதாவது கி.பி. 1088. நாட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். ‘வரோசு’ எனக் கல்லிற் பொறிக்கப்பட்ட அப்பட்டினத்துக்கு அவர்கள் ‘உய்யக்கொண்ட பட்டினம்’ என முடியும் நீண்டதொரு தமிழ்ப் பெயரும் இட்டிருந்தனர். அதன் வேளாபுரத்திலே, அஃதாவது துறைமுகப் பகுதியிலே, கூடியிருந்து அவர்கள் செய்த தீர்மானம் இது: துறைக்கு வரும் மரக்கலத்தின் நாயகனும் அவனுடன் வந்த மாலுமிகளும், கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னால் ஆயம் செலுத்துதல் வேண்டும், செலுத்திய பின்னரே பாவாடையில் அடியிடலாம். அறத்தை மறவாதிருக்குமாறு கூறிச் சாசனம் முடிகின்றது.

பாவாடை என்றதும் நகைக்க வேண்டியதில்லை. நிலத்தில் விரிக்கும் ஆடையே இங்குக் குறிக்கப்படுவது. யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் மணமக்கள் நடந்து வர நிலபாவாடை விரித்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இச்சொல் புதிதன்று. கத்தூரியோ சுமாத்திராவின் விளைபொருளன்று. இமயத்தை அடுத்த வடதேசங்களின் மான்களிடமிருந்து கிடைப்பது. அதன் விலையைக் கொண்டு ஆயத்தை அளந்தார்களெனின், அத்துறையிற் கூடிய சரக்குகள் எத்தனை தேசங்களிலிருந்து வந்திருத்தல் வேண்டும்!

இவர்களை அங்கு ஈர்த்தது கற்பூரமே. மலைக்காட்டில் நூற்றைம்பது அடிக்கு மேலும் ஓங்கி வளரும் ஒருவகை மரத்தின் உள்வெடிப்புகளிற் பளிங்குபோல் உறைந்து கிடப்பது அது. எல்லா மரத்திலும் அஃது இராது. வெட்டிப் பிளந்து பார்த்தாலன்றித் தெரியாது. பல மரங்களை வீழ்த்தியும் வெறுங்கையோடு மீள்வதுண்டு. அதனாலேயே விலை ஏறிற்று. அராபியர் இத்துறையைப் பன்சூர் என்றனர். பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று மார்க்கோ போலோ எழுதினார். இக்காலத்தில் ஆராதனைத் தட்டில் எரியும் சூடம் பெரும்பாலும் ஆலையிற் செய்யப்படுவது. அதற்கும் இம்மரத்துக்கும் தொடர்பில்லை.

தமிழர் கடல்கடந்த கதையைப் பேசுவோர் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை முன்னிறுத்துவது வழக்கம். கடாரமும் சிறீவிசயமும் வீழ்ந்ததைப் பாடும் அவன் மெய்க்கீர்த்தியின் பட்டியலிலே பாருசு இல்லை. லோபு துவாச் சாசனம் எழுந்தபோது சோழநாட்டை ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். அவன் பெயரோ வேறெந்த மன்னன் பெயரோ அக்கல்லில் இல்லை. ஆண்டைக் குறிப்பதற்கும் அரசன் ஆட்சியாண்டை நாடாது சக ஆண்டையே கொண்டனர். கூடியவர் வணிகர், விதித்தவர் வணிகர், சாசனத்திற் குறிக்கப்படும் நகரசேனாபதியும் அவர்கள் ‘நம் மகனார்’ என உரிமை பாராட்டிய ஒருவரே. வெற்றிக் கொடியைத் தேடிச் செல்வோர்க்கு இக்கல் ஏமாற்றமே தரும். மன்னனின் படை வந்து மீண்டது. அவ்வணிகரோ தங்கி வாழ்ந்தனர். இவ்விரண்டினுள் எது பெரிது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஈழத்தவர்க்கும் இவ்வைந்நூற்றுவர் அயலார் அல்லர். பதவியாவிலும் வாகல்கடையிலும் அவர்களின் சாசனங்கள் உள்ளன. பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் நாட்டிய கல்லிலே, அவர்களுடன் இணைந்த வளஞ்சியரின் பெயர் வருகின்றது.

கல் ஒன்றை மட்டும் கொண்டு ஊரின் வாழ்வை முழுதும் அறிதல் இயலாது. 1995 முதற் சில ஆண்டுகள் பிரான்சிய அறிஞர் குளோட் கியோவும் இந்தோனேசியத் தொல்லியலாரும் இணைந்து லோபு துவாவை அகழ்ந்தனர். சீனப் பீங்கான், மேலைத்தேயக் கண்ணாடி ஆகியவற்றோடு தெற்காசியாவைச் சேர்ந்த மட்கல ஓடுகளும் அங்கே கிடைத்தன. பீங்கானை எவ்வணிகனும் விலைக்கு விற்கக் கொண்டு செல்வான். சோறாக்கும் மட்கலத்தைக் கொண்டு செல்பவன் உலை வைக்கவே செல்கின்றான். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அக்குடியிருப்பு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு நிலைத்து, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருங்கே வெறுமையாயிற்று. கடலிலிருந்து வந்த ‘கெர்காசி’ என்னும் அரக்கர் அதனை அழித்தனர் என்பது அப்பகுதி மக்களின் பழங்கதை. வணிகம் அண்மையிலுள்ள வேறிடத்துக்கு மாறி, பாருசு பின்னும் பல நூற்றாண்டு செழித்தது.

அங்கிருந்த தமிழர் என்ன ஆயினர்? லோபு துவாவுக்கு வடக்கே, மலைநாட்டில் வாழும் காரோ பத்தாக்கு மக்களிடையே செம்பிறிங் என்றொரு குலம் உண்டு. அச்சொல் கருநிறத்தைச் சுட்டுவது என்பர். அதன் கிளைகளின் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்பன. சோழரும் பாண்டியரும் மலையாளத்தாரும் பல்லவரும் இப்பெயர்களில் ஒலிக்கின்றனர் என்று அறிஞர் பலர் கருதுவர். பெயரொப்புமையே முற்றான சான்றாகாது. கீழ்க்கரையிலும் தமிழ் வணிகர் வந்த துறைகள் இருந்தமையால், இவர்களின் முன்னோர் பாருசிலிருந்தே சென்றனர் எனத் துணிதலும் அரிது. ஆயினும் அக்குலத்தாரிடையே ஒரு வழக்கம் இருந்தது. இறந்தோரை எரித்த சாம்பலைக் காத்து வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு படகுகளில் ஏற்றி, கடலை நோக்கிப் பாயும் லாவு பியாங் ஆற்றில் விடுவர். இருபதாம் நூற்றாண்டிலே அவ்வழக்கம் அற்றுப்போயிற்று.

சாசனக் கல் இப்போது ஜகார்த்தா தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.