வம்சத்து வியாதி என்றார்கள்

அம்மாவும் அண்ணனும் கல்லீரல் புற்றுநோயில் போனார்கள். “வம்சத்து வியாதி, தலையெழுத்து” என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பினேன்.

அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பர்க்கும் முதலில் அப்படித்தான் நினைத்தார். ரத்தத்தில் பரம்பரையாக வரும் வேறுபாடுகளைத் தேடியவர் அவர். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிய பொருள் ஒன்று தென்பட்டது. ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டார்கள். ஒரே குடும்பத்தில் பலருக்கும் இருந்ததால் மரபு அடையாளம் என்றே எண்ணினார்கள்.

1966இல், முன்பு அது இல்லாத நோயாளி ஒருவருக்குப் புதிதாகத் தோன்றியது. கூடவே கல்லீரல் அழற்சியும் வந்தது. பிறவியில் வருவது நடுவில் எப்படி முளைக்கும்? அது ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் மேலுறை என்று பிற்பாடு தெளிவானது. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு, பிரான்சின் தூர் நகரத்துப் பேராசிரியர் பிலிப் மொப்பா தடுப்பூசி போட்ட அனுபவத்தை வெளியிட்டார். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கும் அதில் சின்னப் பெருமை! தைவானில் 1984 முதல் பச்சிளம் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். பின்னாளில் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மரபணுவுக்கும் பங்கு உண்டுதான். 2008இல் தெரியவந்த பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து, புற்றுநோய் அபாயத்தையும் கூட்டுகிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கதை வேறு. அண்ணன் படுத்தபோதுதான் கிருமி இருப்பது தெரிந்தது. எனக்கும் இருக்கிறது. பிரசவத்தில் அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுக்கிறேன்.

போன மாதம் பேத்தி பிறந்தாள். அன்றே ஊசி போட்டார்கள். தலையெழுத்து என்று சொன்ன வீட்டில்தான்.

நீங்களும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.