ஜகாத்: ஒரு குமாஸ்தாவின் பார்வை

நோன்பு மாதம் வந்தால் கடையநல்லூர், தென்காசிப் பள்ளிவாசல்களில் மாலை நேரம் தூக்குவாளியோடு பிள்ளைகள் கஞ்சிக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஈகை. அதிகம் தெரியாதது ஜகாத்.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624-இல், மதீனாவில் கடமையாயிற்று. ஜகாத்தும் நோன்பைப் போலவே இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று. கடன் போக, சுமார் 85 கிராம் பொன்னின் மதிப்புக்குக் குறையாத செல்வம் ஓராண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். லட்சத்துக்கு 2,500 ரூபாய். நமக்கு மார்ச் 31 போல, பலர் ரமலானில் கணக்கு முடிக்கிறார்கள்.

வேளாண்மைக்குத் தனிக் கணக்கு. மழையிலோ ஆற்றுப் பாய்ச்சலிலோ விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. கமலை கட்டி இறைத்து விளைந்தால் இருபதில் ஒரு பங்கு. நம் சர்க்கார் தீர்வையில் நஞ்சைக்கு அதிகம், புஞ்சைக்குக் குறைவு. நிலத்தின் தரமும் பாசனமும்தான் கணக்கு. அங்கே இறைப்பவனின் பாட்டுக்கும் செலவுக்கும் பாதி தள்ளுபடி. வீரகேரளம்புதூரில் சிற்றாற்றங்கரை வயலுக்கும் மேட்டாங்காட்டுக் கிணற்றுக்கும் உள்ள வித்தியாசம் அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

கி.பி. 632-இல் நபிகள் மறைந்ததும் சில கூட்டத்தார், "தொழுவோம், ஜகாத் தரமாட்டோம்" என்றார்கள். முதல் கலீஃபா அபூபக்கர் அவர்களோடு போரே தொடுத்தார். கொடுப்பவர் மனமிரங்கிப் போடும் பிச்சையன்று, வாங்குபவரின் உரிமை என்பது அப்போதே நிலைநாட்டப்பட்டது.

பெறத் தகுந்தவர்கள் எட்டு வகையினர் என்கிறது குர்ஆன். ஏழை, வறியவர், வழிப்போக்கர் எல்லாம் உண்டு. வசூல் செய்யும் ஊழியருக்கும் பங்கு உண்டு என்று படித்தபோது, நம் இனத்தையும் மறக்கவில்லையே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கடனாளி என்ற வகை. 2017-இல் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நம்மால் மறக்க முடியுமா? கடனில் மூழ்கியவனைக் கரையேற்றுவது ஊரின் கடமை என்று ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் ஜகாத்தை 'ஒமோன் லேகால்' என்பார்கள். சட்டப்படியான தருமம் என்று பொருள். தருமத்துக்கு ஏது சட்டம் என்று அன்று வியப்பாக இருந்தது. கொடுப்பவர் மனம் மாறினாலும் வாங்குபவர் வயிறு காயக்கூடாது, அதற்குத்தான் சட்டம் என்று இப்போது தோன்றுகிறது.