பினாங்கு வழக்கறிஞரின் நூலடுக்கு: 1807 முதல் மின்தரவுத் தளம் வரை

மலேசிய நீதிமன்றங்களில் தாக்கலாகும் எழுத்து வாதங்களில், உயிலோ அறக்கட்டளையோ சிக்கலாகும்போது, '1 கைஷ் 255' என்பதுபோல் ஒரு குறி எப்போதாவது தலைகாட்டும். முதல் எண் தொகுதி, கடைசி எண் பக்கம். நடுவில் நிற்பது ஒரு மனிதரின் பெயர். அந்தப் பக்கத்தைப் புரட்டினால் 1871இல் பினாங்கில் தீர்ப்பான 'ஃபாத்திமா எதிர் லோகன்' வழக்கு கிடைக்கும். ஒரு முஸ்லிம் எழுதிவைத்த உயில் எந்தச் சட்டப்படி செல்லும் என்பது கேள்வி. இங்கிலாந்துச் சட்டப்படி என்றார் நீதிபதி ஹேக்கட். அந்தத் தீர்ப்பு இன்றைய வழக்கறிஞரின் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஹேக்கட் மட்டும் காரணமல்ல. அதைத் தேடி எடுத்து, தலைப்பிட்டு, அச்சிட்டு, பக்க எண் கொடுத்தவரும் காரணம்.

பினாங்கின் சட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சாசனங்களையும் நீதிபதிகளையுமே பேசுகிறார்கள். தீர்ப்பை உள்ளூர் வழக்கறிஞர் படிக்க வகைசெய்தவர்களுக்கு ஓரிரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் முன்தீர்ப்பைக் கட்டி எழுப்பும் சட்ட முறையில், படிக்கக் கிடைக்காத தீர்ப்பு அடுத்த வழக்குக்கு உதவாது. ஆகவே நூலடுக்கின் வளர்ச்சியும் சட்டத்தின் வளர்ச்சிதான்.

1786இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கைப்பற்றியபோது கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே எந்தச் சட்டத்தையும் நிறுவவில்லை. சீனர், மலாய்க்காரர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் ஆகியோரின் சில்லறை வழக்குகளை அந்தந்தச் சமூகத்துக் கப்பித்தான்களே தீர்த்துவந்தார்கள். 1801இல் நீதிபதியாக வந்த வழக்கறிஞர் ஜான் டிக்கன்ஸ், எந்தச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது என்று மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப முறையிட்டார். நீதிபதி இருக்கிறார், வழக்காடுவோர் இருக்கிறார்கள், புரட்டிப் பார்க்க ஒரு சட்டநூல் இல்லை என்ற நிலை 1807 மார்ச் 25ஆம் நாளிட்ட அரச சாசனத்தால்தான் மாறியது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்ற அன்றைய பெயரில் ஒரு நீதிமன்றம் பிறந்தது. ஆளுநரும் ஆலோசனைக் குழுவினரும் நீதிபதிகளாக அமர, சட்டம் படித்த ஒரே நீதிபதியாக ரெக்கார்டர் சர் எட்மண்ட் ஸ்டான்லி வந்து சேர்ந்தார். 1808இல் கார்ன்வாலிஸ் கோட்டையில் நீதிமன்றம் கூடியது. அந்த ஆண்டின் 'காமு எதிர் தாமஸ் டர்னர் பாசெட்' வழக்குதான் பிற்காலத் திரட்டின் முதல் பக்கத்தில் நிற்கிறது.

ஒரு சாசனத்தின் சொற்கள் எவ்வளவு தூரம் பாயும் என்பதை 1830 காட்டியது. 1826இன் இரண்டாவது சாசனம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் ஒரே நீதிமன்றத்தை வைத்தது. ஆளுநர், ரெசிடெண்ட் கவுன்சிலர், ரெக்கார்டர் ஆகியோர் அதன் நீதிபதிகள். ரெக்கார்டராக வந்த சர் ஜான் கிளாரிட்ஜ், பயணச் செலவு பற்றிய தகராறில் மற்ற இரண்டு ஊர்களுக்கும் போக மறுத்து, 1829இல் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கம்பெனி செலவைக் குறைக்க மாகாண அந்தஸ்தை எடுத்துவிட்டது. ஆளுநர், கவுன்சிலர் என்ற பதவிப் பெயர்களும் போயின. சாசனம் அதிகாரம் கொடுத்தது அந்தப் பெயர்களுக்குத்தான். பெயரே இல்லாதபோது அதிகாரம் ஏது என்று ஆளுநர் ஃபுல்லர்ட்டன் நீதிமன்றங்களை மூடிவிட்டுக் கிளம்பினார். கடன் வசூலிக்க வழியற்றுப்போன வணிகர்கள் விண்ணப்பங்கள் எழுதிக் குவித்தார்கள். பதவிப் பெயர்கள் மீட்கப்பட்டு, 1832இல்தான் நீதிமன்றம் முறையாக நடக்கத் தொடங்கியது.

நீதிமன்றம் மீண்டாலும் தீர்ப்புகளை அச்சிட ஆளில்லை. 1817இலேயே பினாங்கு நூலகம் சந்தா நூலகமாகத் தொடங்கிவிட்டது, செய்தி இதழ்களும் வந்துகொண்டிருந்தன, ஆனால் தீர்ப்புத் திரட்டு என்று ஒன்று கிடையாது. இந்தக் குறையின் விலையை ரெக்கார்டர் சர் பெஞ்சமின் மால்கினின் தீர்ப்பொன்று சொல்லும். 1834இல் 'ரோடிக் எதிர் வில்லியம்சன்' வழக்கில் இங்கிலாந்துச் சட்டம் பினாங்குக்கு வந்துவிட்டது என்று அவர் கூறினார். அந்தத் தீர்ப்பு திரட்டு எதிலும் இடம்பெறவில்லை. மறு ஆண்டு அப்துல்லா என்பவரின் சொத்து பற்றிய வழக்கில், ஒரு முஸ்லிம் தன் சொத்து முழுவதையும் உயில்வழி யாருக்கும் கொடுக்கலாம் என்று அவரே தீர்ப்பளித்தபோது முந்தியதையும் குறிப்பிட்டார். அந்த ஒரு குறிப்பின் தயவில்தான் முதல் தீர்ப்பு சட்ட உலகில் இன்றும் பெயரளவில் வாழ்கிறது. குடும்பங்களின் வாரிசுரிமையைத் தொடும் ஒரு முடிவு இப்படி நூலிழையில் தொங்கியது வருத்தத்துக்குரியது.

அச்சு 1860களின் கடைசியில் வந்தது. ஆர். சி. வுட்ஸ் தேர்ந்தெடுத்த வழக்குகளின் தொகுப்பு 1869இல் பினாங்கிலேயே வெளியானது. அடுத்த பத்தாண்டில் ஸ்டீபன் லெஸ்டர் இன்னொரு திரட்டைக் கொண்டுவந்தார். இரண்டையும் விஞ்சியது ஜேம்ஸ் வில்லியம் நார்ட்டன் கைஷின் உழைப்பு. 1885இல் தொடங்கி நான்கு தொகுதிகளில், 1808 முதல் 1890 வரை, பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்குகளை அவர் சேர்த்தார். முதல் தொகுதியில் உரிமையியல் வழக்குகள். இரண்டாவதில் குற்றவியல், கடல்சார், உயில் வழக்குகள். மூன்றாவதில் மாஜிஸ்திரேட் தீர்ப்புகள் மீதான மேல்முறையீடுகள். முகப்பில் குடியேற்றங்களின் நீதித்துறை வரலாறு ஒன்றையும் எழுதி வைத்தார். பின்னால் ஹாங்காங்குக்குப் போனவர் அங்கேயும் அதே வேலையைச் செய்து, 1898இல் ஹாங்காங் சட்டங்கள், நீதிமன்றங்களின் வரலாற்றை வெளியிட்டார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர், எண்பதாண்டுத் தீர்ப்புகளில் எவை நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தார்.

அவரது மூன்றாம் தொகுதியின் 16ஆம் பக்கத்தில்தான் 1858இன் 'அரசி எதிர் வில்லன்ஸ்' இருக்கிறது. எஜமானர், வேலையாள் பற்றிய இங்கிலாந்துச் சட்டம் ஒன்று இங்கே செல்லுமா என்ற அளவில் எழுந்த வழக்கை, ரெக்கார்டர் சர் பீட்டர் பென்சன் மேக்ஸ்வெல் அடிவரை தோண்டினார். 1807 சாசனம் தன் நாளில் நிலவிய இங்கிலாந்துச் சட்டத்தைப் பினாங்குக்குள் கொண்டுவந்தது என்ற அவரது முடிவு மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் சட்ட மாணவர்களின் பாடமாக நீடிக்கிறது. மேக்ஸ்வெல் 1867இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் தலைமை நீதிபதியானார். ஓய்வுக்குப் பின் 1875இல் அவர் வெளியிட்ட சட்டப் பொருள்கோள் நூல், சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களும் தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டும் நூல். அவர்களில் பலருக்கு மேக்ஸ்வெல் பினாங்கில் பத்தாண்டு நீதிபதியாக இருந்தவர் என்பது செய்தியாக இருக்கும்.

இங்கிலாந்து நூல்கள் மட்டும் பினாங்கு வழக்கறிஞருக்குப் போதவில்லை. 1867 வரை இந்தக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கீழ் இருந்ததால் கல்கத்தாவில் இயற்றிய சட்டங்கள் இங்கும் செல்லும். 1837ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம், நிலத்தை வாரிசுரிமையில் எப்படிக் கொள்வது என்பதை இந்தக் குடியேற்றங்களுக்காகவே வகுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அச்சில் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் எழுதப்பட்டது. ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் இந்திய மூலத்தையே தழுவின. அதனால் ரத்தன்லால்–தீரஜ்லால், சர்க்கார், பொல்லாக்–முல்லா ஆகியோரின் உரைநூல்கள் மலேசிய வழக்கறிஞர் அலுவலகங்களில் இன்றும் அலமாரியில் நிற்கின்றன. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் கல்கத்தாவிலிருந்து போன 'மோகரி பீபி' வழக்கில் லண்டன் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதை மலாயா நீதிமன்றங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. பிறகு 1976இல் மலேசிய நாடாளுமன்றம் கல்வி உதவித்தொகை ஒப்பந்தங்களுக்கு விலக்குக் கொடுத்துத் திருத்த வேண்டியிருந்தது.

தமிழர் வாழ்வு இந்தத் திரட்டுகளில் நிறைந்து கிடக்கிறது. பினாங்கு தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், பள்ளிவாசலுக்கு நிலம் எழுதிவைத்த சூலியா வணிகர் எல்லோரும் வழக்காடினார்கள். 1905ஆம் ஆண்டின் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம் கோயில், பள்ளிவாசல் சொத்துகளை வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அதுவே. மலாயாவிலிருந்து லண்டன் வரை போன 'செட்டியார் எதிர் செட்டியார்' வழக்கு இன்னும் சுவையானது. நூறு ஏக்கர் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதற்காக 40 ஏக்கர் ரப்பர் தோட்டத்தை மகன் பெயருக்கு மாற்றிய தகப்பன், பின்னால் அதைத் திருப்பிக் கேட்டார். 1962இல் பிரிவி கவுன்சிலில் டென்னிங் பிரபு மறுத்தார்: அரசு அதிகாரிகளை ஏமாற்றச் செய்த காரியத்தைத் தானே சொல்லித்தான் சொத்தை மீட்க முடியும் என்றால், நீதிமன்றம் கை கொடுக்காது. பொதுச் சட்ட நாடுகளில் அறக்கட்டளைச் சட்டம் படிப்போர் அந்த இரண்டு செட்டியார்களையும் கடந்துதான் போக வேண்டும்.

திரட்டு என்பது பழைய தீர்ப்புகளின் சேமிப்பு மட்டுமாக இருந்த நிலையை மாற்றியவர் பஷீர் அகமது மல்லால். இந்தியாவில் பிறந்து மலாயாவுக்கு வந்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த அவர், 1932இல் சிங்கப்பூரில் 'மலாயன் லா ஜர்னல்' இதழைத் தொடங்கினார். புதிய தீர்ப்பு, புதிய சட்டம், கட்டுரை எல்லாம் ஒரே இடத்தில், சூடு ஆறுமுன் கிடைத்தன. ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோன இதழ் போருக்குப் பின் மீண்டு, மலேசிய வழக்கறிஞர்களின் அன்றாடத் தேவையானது. ஈப்போவிலோ பினாங்கிலோ தனியாக அலுவலகம் நடத்தியவருக்கு, கோலாலம்பூரில் போன மாதம் என்ன முடிவானது என்று தெரிய அதைவிட்டால் வேறு வழி குறைவு. பதிப்பகங்கள் கைமாறி அது லெக்சிஸ்நெக்சிஸிடம் போய்ச் சேர்ந்தது. 1981இல் 'கரண்ட் லா ஜர்னல்' போட்டிக்கு வந்தது. பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீடு 1985இன் தொடக்கத்தோடு முற்றாக நின்றது. உள்நாட்டுத் தீர்ப்புகளின் எடை அதனால் கூடியது.

இனி நூலடுக்கிலிருந்து பழைய இங்கிலாந்தை இறக்கிவிடலாமே என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். பினாங்கில் அது முடியாது. 1956ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டம் 5ஆம் பிரிவு, கூட்டு வணிகம், வங்கி, முகவர், கடல் காப்பீடு முதலிய வணிக விவகாரங்களில் உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தை இங்கிலாந்துச் சட்டத்தால் நிரப்புகிறது. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களுக்கு 1956 ஏப்ரல் 7 அன்று இருந்த இங்கிலாந்துச் சட்டம். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் வழக்கு எழும் காலத்து இங்கிலாந்துச் சட்டம். பிறை துறைமுகத்தில் இறங்கிய சரக்கு நனைந்துபோனதற்குக் காப்பீட்டு வழக்கு என்றால், 1906ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கடல் காப்பீட்டுச் சட்டத்தோடு 2015இல் லண்டனில் வந்த காப்பீட்டுச் சட்டத்தையும் வழக்கறிஞர் எடுத்துப் பார்க்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் அதே சரக்கு நனைந்தால், பிரிவின் வாசகப்படி 1956இல் நின்றுவிடலாம். ஒரே நாட்டுக்குள் இருநூறு மைல் இடைவெளியில் இரண்டு நூலடுக்குகள் வேண்டியிருக்கின்றன.

நிலத்திலும் இதே கதை. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வரும்வரை பினாங்கில் நிலம் கைமாறியது இங்கிலாந்துப் பாணிப் பத்திரங்களால். பழைய உரிமைகளைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றவே 1963இல் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் தனிச் சட்டம் போட்டார்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மூலப்பத்திரத்தைத் தோண்டும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திர மொழி தெரியாதவர் திணறித்தான் போவார்.

இன்று லைட் தெருவில், ஏழை எளியவர்களுக்காகவும் வழக்காடிய வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச் சின்னம் நிற்கும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போகும் இளம் வழக்கறிஞர் கையில் மடிக்கணினி இருக்கிறது. தீர்ப்புகள் நீதித்துறையின் இணையதளத்தில் இலவசமாக வெளியாகின்றன, சட்டங்களின் மூலப்படி தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் தளத்தில் இருக்கிறது, பழைய இங்கிலாந்துத் தீர்ப்புகள் 'காமன்லீ' தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அச்சேறாத தீர்ப்புகளுக்கும் தரவுத் தளங்கள் எண் கொடுத்துவிடுகின்றன. மால்கினின் 1834ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு நேர்ந்த கதி இன்றைய தீர்ப்புக்கு நேராது.

ஆனால் தலைப்புக் குறிப்பும், எந்தத் தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டது என்ற தகவலும் சேர்ந்த முழுமையான சேவை சந்தா கட்டுவோருக்குத்தான். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம், ஜாவி நீதிமன்றங்களில் வாடகைத் தகராறும் சாலை விபத்தும் நடத்தும் ஒற்றை ஆள் அலுவலகத்துக்கு அந்தச் சந்தா சுமை. பெருநிறுவன வழக்கறிஞர் நொடியில் எடுக்கும் தீர்ப்பைச் செபராங் பிறையின் சிறு வழக்கறிஞரும் அதே நொடியில் எடுக்க வேண்டும். எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் நூலடுக்கு இருந்தால் வழக்கு சமமாகாது. நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் எல்லோரும் அமர்ந்து பயன்படுத்தும் பொதுத் தரவுத் தள முனையம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. கைஷ், லெஸ்டர், வுட்ஸ் மூவரின் திரட்டுகளும் நூறாண்டைத் தாண்டியவை. காப்புரிமைத் தடை அவற்றுக்கு இல்லை. அவற்றை முழுமையாக வருடி, வழக்காடிகளின் பெயர் அகராதியோடு கட்டணமின்றி வெளியிட்டால் வழக்கறிஞருக்கு அடுத்தபடி பயன்பெறுவோர் பினாங்குக் குடும்பங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகூரிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வந்தவர்கள் வைத்த கடையும் வாங்கிய நிலமும் எழுதிய உயிலும் வேறெங்கும் இவ்வளவு விவரமாகப் பதிவாகவில்லை. பெயர்கள் ஆங்கிலக் காதில் விழுந்தபடி சிதைந்து அச்சாகியிருப்பதால், அந்த அகராதியைச் செய்யத் தமிழும் மலாயும் தெரிந்தவர்கள் வேண்டும்.