தாய்மாமன் நிலம் எழுதிக் கொடுத்தா வரி உண்டா? தான செட்டில்மென்ட் போடும் முன் இதைப் படிங்க!

சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் நிலத்தை அக்கா மகனுக்கு எழுதிக் கொடுக்கிறார் ஒரு தாய்மாமன் என்று வைத்துக்கொள்வோம். பணம் எதுவும் வாங்கவில்லை. "சொந்தத்துக்குள்ளதானே, செலவு கம்மிதான்" என்று நினைத்து சார்பதிவாளர் அலுவலகம் போனால் அதிர்ச்சிதான். பதிவுத்துறை சொல்லும் 'குடும்பம்' வேறு, வருமான வரித்துறை சொல்லும் 'உறவினர்' வேறு.

பதிவுத்துறை கணக்கில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். இவர்களுக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் ரூ.40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் ரூ.10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டது. அக்கா மகன், மருமகள், மாப்பிள்ளை யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு கிரையம் போலவே 7%, 2%. அதாவது ரூ.20 லட்சம் மதிப்புள்ள நிலத்துக்கு மகன் என்றால் ரூ.30,000, அக்கா மகன் என்றால் ரூ.1.80 லட்சம்!

வருமான வரி?

இங்கே அக்கா மகனுக்கு நிம்மதி. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் 'உறவினர்' என்பதால் வரி இல்லை. ஆனால் அதே நிலத்தை அக்கா மகன் மாமாவுக்குக் கொடுத்தால், மாமா வரி கட்டணும்! வாங்குபவருக்கு கொடுப்பவர் என்ன உறவு என்றுதான் சட்டம் பார்க்கிறது. உறவினர் அல்லாதவர் கொடுத்த நிலத்தின் மதிப்பு ரூ.50,000-ஐ தாண்டினால், மொத்த மதிப்பும் வருமானமாகக் கணக்கிடப்படும். கல்யாணப் பரிசுக்கும் உயில் சொத்துக்கும் இது பொருந்தாது.

பின்னாடி விற்கும்போது, கொடுத்தவர் வாங்கிய விலையை வைத்தே லாபம் கணக்கிடப்படும். விவசாய நிலம், சிதம்பரம் நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ., கடலூர் என்றால் 6 கி.மீ. தாண்டி இருந்தால் அந்த வரியும் இல்லை. மக்கள்தொகையை வைத்து வரும் வித்தியாசம் இது.

எழுதிக் கொடுத்ததை திரும்ப வாங்க முடியுமா?

இரண்டு சாட்சிகளோடு பதிவாகி, வாங்குபவரும் ஏற்றுக்கொண்டால் நிலம் அவருடையது. நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. பெரியவர்களுக்கு மட்டும் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு வழி தருகிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளைகள் கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவரின் வழக்கில், 'அன்பும் பாசமும்' காரணமாகக் கொடுத்ததே மறைமுக நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இருந்தாலும் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. 'என் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை எனக்கே' என்றும் சேர்க்கலாம்.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பகுதி பெரியவர்கள் இதற்கான மனுவை அந்தந்த வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம்.