மாற்றும் மாற்றமும்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்தில் நடத்துநர் கேட்பது 'சேஞ்ச்'. மேடைப் பேச்சாளர் நாட்டுக்கு வேண்டுமென முழங்கும் மாற்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். சில்லறைக்கும் சமுதாய மாறுதலுக்கும் ஒரு சொல் எவ்வாறு பொருந்திற்று?

அச்சொல் வளர்ந்த இடம் சந்தை. பண்டம் மாற்றுதலைக் குறித்த 'கம்பியாரே' என்னும் பிற்கால இலத்தீன் வினை, பழைய பிரெஞ்சின் வழியே 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலம் புகுந்தது. பெருநாணயத்துக்கு ஈடான சிறுகாசு என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. இலத்தீனுக்கே அது கெல்திய மொழி தந்த கடன் என்றும், 'வளைதல்' என்பதே வேர்ப்பொருள் என்றும் சொல்லாய்வாளர் கருதுவர். தமிழர்க்கு இது வியப்பன்று. முறுக்கிய பஞ்சு திரி. கெட்ட பால் திரிந்த பால். எழுத்து வேறுபடுதல் திரிபு. முறுக்கிலும் வளைவிலும் மாறுதலைக் கண்ட மனம் இரு நிலத்துக்கும் பொது போலும்.

தமிழில் 'மாற்று' என்னும் சொல்லும் வணிகத்தோடு உறவுடையது. பண்டமாற்று அதன் ஒரு முகம். பொன்னின் தரத்தைக் குறிப்பது மறு முகம். பத்தரை மாற்றுத் தங்கம் என்பது இன்றும் வழக்கு. இப்பொருளை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேவாரம் திருமுதுகுன்றம் என்று பாடிய ஊரே விருத்தாசலம். பொருள் மாறாமல் ஒலி மட்டும் வடமொழிக்கு மாறிய பெயர் அது. (அப்பெயரைத் தாங்கி 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டது சுவையான முரண்.) அவ்வூரில் சுந்தரர் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். எடுத்த பொன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க, மச்சமாகச் சிறிது பொன்னை அவர் முன்பே வெட்டி வைத்திருந்தார். அடியவராயினும் கணக்கில் பிசகாதவர்! உரைத்துப் பார்த்தபோது பொன்னின் தரம் குறைந்திருந்ததாம். பாடிய பின்னரே மச்சத்தோடு ஒத்தது. இந்நிகழ்ச்சியின் நினைவாகவே 'மாற்றுரைத்த' என்னும் அடைமொழி பிள்ளையாருக்கு வாய்த்தது.

ஆங்கிலச் சொல் எட்டாத இடம் ஒன்றுண்டு. பழந்தமிழில் 'மாற்றம்' என்றால் சொல். மறுமொழி என்றும் பொருள்படும். ஒருவர் சொல்லுக்கு ஈடாக மற்றவர் திருப்பித் தருவதே மறுமொழி. ஆகவே அதுவும் ஒருவகைப் பண்டமாற்றே. கம்பனில் ஒருவர் மாற்றத்தை மற்றவர் கேட்பது இயல்பான நடை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இப்பொருள்களையும் பதிந்துள்ளது. இருந்தும், செய்தித்தாளும் மொழிபெயர்ப்பும் மாற்றத்தை மாறுதலுக்கே உரியதாக்கிவிட்டன. இழப்பு சிறிதன்று. பழம்பாடல்கள் நம் கண்முன்னே பொருள் திரிந்து நிற்கின்றன. சிவபுராணத்தை நாள்தோறும் ஓதுவோருள்ளும், அங்கே வரும் 'மாற்றம்' மாறுதலே என்று கொள்வார் உளர். மாணிக்கவாசகர் அங்குக் கூறுவதோ, சொல்லும் மனமும் எட்டாமல் அப்பால் நிற்கும் இறைவனை.