சூழல் அழிப்பு: ஐந்தாவது சர்வதேசக் குற்றமாகுமா?

இனப்படுகொலை, போர்க்குற்றம் உள்ளிட்ட நான்கு குற்றங்களை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பட்டியலில், கடுமையான சூழல் அழிப்பை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய பசிபிக் தீவு நாடுகள் 2024 செப்டம்பரில் முன்மொழிந்தன.

‘எகோசைடு’ எனப்படும் இக்குற்றத்தின் பெயர் வியத்நாம் போர்க்காலத்தில் பிறந்தது. அமெரிக்கப் படைகள் தூவிய ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ களைக்கொல்லியால் காடுகள் அழிந்ததைக் கண்டித்து, 1970-இல் தாவரவியலாளர் ஆர்தர் கால்ஸ்டன் இச்சொல்லைக் கையாண்டார்.

நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம், போரின்போது நேரும் சூழல் சேதத்தை மட்டுமே குற்றமாகக் கருதுகிறது. அமைதிக்காலச் சுரங்கமோ எண்ணெய்க் கசிவோ அதில் சிக்காது. பரவலான அல்லது நீண்டகாலக் கடும் சேதம் நேரக்கூடும் என அறிந்தே செய்வதுதான் இக்குற்றம் என 2021-இல் சட்ட வல்லுநர் குழு வரையறுத்தது. ‘அறிந்தே’ என்பதே இதன் மையம். அபராதம் நிறுவனத்தின் கணக்கில் போகும். சிறைத்தண்டனையோ முடிவெடுத்தவரையே சேரும்.

பெல்ஜியம் 2024-இல் இதற்கு 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்தது.

ரோம் சாசனத்தில் இணையாத இந்தியா எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்றிருந்தது. சிறு மீறல்களுக்குச் சிறை அச்சம் கூடாது என்று காரணம் கூறி, 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை நீக்கியது. 2024 ஏப்ரல் 1 முதல், பெரும் மீறலுக்கும் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமே. அதைச் செலுத்தத் தவறினால்தான் அச்சட்டத்தின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறை.