கைது முதல் பாதுகாப்பு வரை: காவலரும் மனநலச் சட்டமும்

தன்னிலை மறந்து தெருவில் அலையும் ஒருவரைக் காவலர் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்கு இந்தியச் சட்டங்கள் தந்த விடை நூற்றைம்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது.

1858ஆம் ஆண்டின் 36ஆவது சட்டம், அலைந்து திரியும் ‘பைத்தியக்காரரை’ப் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புமாறு தாரோகாவுக்குக் கட்டளையிட்டது. நோய் அங்கே பொது ஒழுங்கின் சிக்கலாகவே காணப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் ‘கைது’ என்றே கூறியது: அலைபவரைக் கைது செய்யலாம், ஆபத்தானவர் எனக் கருதினால் கைது செய்தே ஆக வேண்டும். விடுதலைக்குப் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே நீடித்தது.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ‘கைது’ இருந்த இடத்தில் ‘பாதுகாப்பில் எடுத்தல்’ என்பதை வைத்தது. அது நடைமுறைக்கு வந்ததோ 1993 ஏப்ரலில். அதே ஆகஸ்டில், ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளரைச் சிறையில் வைப்பது சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் முரணானது என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மேற்கு வங்கச் சிறைகளில் அத்தகையோர் அடைபட்டிருந்தமையே வழக்கின் பின்புலம். சட்டத்தின் சொல் மாறியபோதும் சிறைக்கதவு திறக்கவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் 100ஆம் பிரிவின்படி, பாதுகாப்பில் எடுக்கப்பட்டவரிடம் காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது. காவல்துறையினருக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிப்பதை 30ஆம் பிரிவு அரசின் கடமையாக்கியது. எனினும் எத்தனை மணி நேரம், என்ன பாடம், யார் கற்பிப்பது என்பவற்றை அப்பிரிவு வரையறுக்கவில்லை.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. 1987இல் மனநோயாளர் ஒருவர் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மறு ஆண்டே காவல்துறை, நோயாளர் குடும்பங்கள், மருத்துவர்கள் சேர்ந்து, விருப்பத்தோடு முன்வந்த ரோந்துக் காவலருக்கு 40 மணி நேரப் பயிற்சியை வகுத்தனர். குரலைத் தாழ்த்துதல், இடைவெளி விட்டு நிற்றல், அவசரப்படாமல் பேசுதல், தாமதமின்றி ஏற்கும் மருத்துவமனையில் சேர்த்தல் ஆகியவை அதன் சாரம்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். நோயாளரை எங்கே கொண்டு செல்வது என்பதை இந்தியச் சட்டம் படிப்படியாகத் திருத்திக்கொண்டது. முதல் சில நிமிடங்களில் அவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பயிற்சியிடம் விட்டுவிட்டது. உயிர் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் அந்த நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே மனநலச் சட்ட வரலாற்றை ஆராய்வோர் சட்டநூல்களோடு காவலர் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திட்டங்களையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.